அண்ணத்தில் எட்டு மில்லி

அக்டோபர் 9, திங்கள்

பெயிண்ட் கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. என்ன சரக்கு தீர்ந்தது, யார் வீட்டுக் கதவுக்கு எந்தக் கீல் என்பதைத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். இனி மகள் செண்பகாவின் பல் விஷயத்தையும் எழுதிவைக்க வேண்டும். தை மாச நடுவில் கல்யாணம். ஒரு தேதி தவறினாலும் எல்லாம் தள்ளிப்போகும்.

கிளிப் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. மேல்வரிசை எடுப்பாக இருந்ததால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லைப் பிடுங்கி, அந்த இடைவெளிக்குள் முன்பல்லைப் பின்னால் இழுப்பதுதான் வைத்தியம். இன்று டாக்டர் மெர்லின் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்பல் பின்னால் போவதற்குப் பதிலாகக் கடைவாய்ப் பல் முன்னால் வந்துகொண்டிருக்கிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எதில் கட்டி இழுக்கிறோமோ அதுவே நகர்ந்தால் இழுவை எப்படி நிற்கும்?

"அதனால அண்ணத்து எலும்புல ஒரு ஸ்க்ரூ வைக்கணும் சார். அது நகராது. அதுல கட்டி இழுத்தா முன்பல்லு மட்டும் பின்னால போகும்."

"ஸ்க்ரூவைக் காட்டுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே காட்டினார். எட்டு மில்லி நீளம். மரை சுத்தமாக இருந்தது. முப்பது வருஷமாக ஸ்க்ரூ விற்கிறேன், இவ்வளவு நேர்த்தியாக ஒன்றைப் பார்த்ததில்லை.

"அண்ணத்துல எலும்போட உயரம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்காது சார். முன்பக்கம் நல்லாருக்கும். பின்னால போகப் போகக் குறையும். நடுக்கோட்டுல மட்டும் பின்னாலயும் கெட்டியா இருக்கும். எனக்கு அந்தப் பின்னால நடு இடம்தான் வேணும். அதுக்கு மேல மூக்கு. அஞ்சு மில்லியாவது எலும்பு இருந்தாத்தான் ஸ்க்ரூ நிக்கும். திருநெல்வேலில ஒரு த்ரீடி ஸ்கேன் எடுத்துட்டு வந்துருங்க."

பிறகு செண்பகாவின் வாய்க்குள் டார்ச் அடித்தார். "உள்நாக்கு நுனி ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி இருக்கே. குரலும் கொஞ்சம் மூக்குல வருது. கைக்குழந்தையில பால் மூக்கு வழியா வந்துச்சா சார்? அண்ணத்துல குறைன்னு யாராவது சொன்னாங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சளித் தொந்தரவு, அவ்வளவுதான்."

செண்பகா வாயைத் திறந்தபடி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒன்றரை இஞ்சு ஆணி நான்கு பெட்டி வந்து இறங்கியது.

அக்டோபர் 11

பிச்சையா ஆசாரி இரண்டு இஞ்சு ஸ்க்ரூ கேட்டு வந்தார். மேலே இருந்த பெட்டியில் கையை வைத்தார்.

"அது வேண்டாம் ஆசாரி. இரும்பு இளக்கம். தேக்குல முடுக்கினா தலை வழிஞ்சிரும்."

"விக்க உக்காந்துக்கிட்டு சரக்கையே குறை சொல்றீகளே அண்ணாச்சி! கடை வெளங்குமா?"

"நாளைக்கு நீரு வந்து ஏசுறதுக்கு முந்தி இன்னைக்கு நானே சொல்லிட்டேன், போதும்."

பதினாறு வயதில் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வாசல்களில் உடைந்த மரப்பெட்டிகளின் ஆணியைப் பொறுக்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி விற்றவன் நான். நிமிர்த்திய ஆணி என்று சொல்லித்தான் விற்றேன். ஒரு நாளும் புது ஆணி என்று சொன்னதில்லை. கோவில்பட்டியில் தவசிலிங்கம் கடைக்கு இருக்கிற பேர் அதனால் வந்தது.

அக்டோபர் 14

ஸ்கேனுக்குப் போகவில்லை. தீபாவளிக்கு வெள்ளையடிக்கிற கூட்டம்.

அக்டோபர் 17

"நான் பஸ்ல போயி எடுத்துட்டு வந்துர்றேன்ப்பா" என்றாள் செண்பகா. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க கம்ப்யூட்டர். போன் அடித்தால் மட்டும் பக்கத்து சீட்டுக்காரியிடம் தள்ளிவிடுவாளாம். டீச்சர் ஆக வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் கேலி செய்யும் என்று நான்தான் பி.காம். சேர்த்துவிட்டேன்.

"கல்யாணம் ஆகப்போற பிள்ளை. தலையில கதிர் படவேண்டாம்."

"எக்ஸ்ரே ஏற்கனவே மூணு தடவ எடுத்தாச்சேப்பா."

"அதான் சொல்றேன், போதும்னு."

அக்டோபர் 20

சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா போன். "பல்லு எம்புட்டு உள்ள போயிருக்கு?" என்று, ஊரில் மழை உண்டா என்று கேட்பது மாதிரி கேட்டார். பிறகு, "பிள்ளைக்கு அந்தச் சளி இன்னும் விடலையா? பேசினா மூக்கடைச்ச மாதிரியே இருக்கே."

"மழைக்காலம் முடிஞ்சாச் சரியாயிரும்மா."

போனை வைத்ததும் என் வீட்டுக்காரி ஜெயக்கொடி கேட்டாள்: "அவ பேச்சே அப்படித்தான்னு சொல்லிர வேண்டியதுதானே? கல்யாணத்துக்கு அப்புறம் தெரியாமலா போயிரும்?"

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

ஸ்க்ரூ வைத்தாயிற்று.

உட்கார்ந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுக்கப்போவதில்லை, கையில் இருக்கிற எக்ஸ்ரேயை வைத்துச் செய்யுங்கள், முடியாது என்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று. சரக்கு எடுக்கப் போகும் இடங்களிலும் இந்தக் குரலில்தான் பேசுவேன். பாதிப்பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இது பக்கவாட்டுப் படம் சார். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, உள்ளதவிட அதிகமாவே எலும்பு இருக்கிற மாதிரி காட்டும்." படத்தைக் கீழே வைத்தார். "பொதுவா நடுக்கோட்டுல பயமில்ல. ஆனா மறுபடியும் கேக்குறேன். சின்ன வயசுல ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பேனா அளவில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் கதவோரம் நின்றேன். முடுக்குகிறவர் மணிக்கட்டைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மரம் என்றால் மூன்றாவது சுற்றில் மணிக்கட்டு இறுகும், பிறகு விடாது. பூச்சுக்குப் பின்னால் பொந்து இருக்கிற சுவர் என்றால் முதலில் கொஞ்சம் இறுகி, சட்டென்று லேசாகும்.

டாக்டரின் மணிக்கட்டு லேசானது.

அவரும் ஒரு நொடி நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த, பல் தேய்க்கும் குழந்தைப் படத்தைப் பார்த்தேன். மீதியையும் முடுக்கினார்.

"நிக்குது" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

அக்டோபர் 27

வலி இல்லை என்கிறாள். நல்லது.

அக்டோபர் 30

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த செண்பகாவுக்கு மூக்கு வழியாகக் காப்பி வழிந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "புரையேறிருச்சு" என்று சிரித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மறுபடியும் வந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

ஜெயக்கொடி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "பச்சப்புள்ளையில பால் வந்த மாதிரியே வருது" என்றாள். "நான் கிடத்திக் குடுத்துக் கெடுத்தது. அது உள்ள அப்படியேதான் இருந்திருக்கு."

"சும்மா இரு. ஸ்க்ரூ ஆடியிருக்கும்."

ஜெயக்கொடி சொன்னது என் அம்மாவின் பேச்சு. பிள்ளையைப் படுக்கப் போட்டுப் பால் கொடுத்ததால்தான் மூக்கில் ஏறி அண்ணம் கெட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள். அதன் பிறகு ஒரு வருஷம் ஜெயக்கொடி குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துச் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்கினாள். அடுத்த பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாள். "இன்னொண்ணையும் கெடுக்கவா?" என்பாள். எனக்கும் அப்போது கடை புதுசு. சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேர் பெயிண்ட் கேட்டு வந்தார்கள். மஞ்சள் இருப்பு இல்லை.

நவம்பர் 3

டாக்டர் விரலை வைத்ததும் ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. செண்பகாவை மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை வெளியே தள்ளச் சொன்னார். அண்ணத்தில், ஸ்க்ரூ இருந்த இடத்தில், ஒரு நீர்க்குமிழி வந்து உடைந்தது. கண்ணாடியில் நானும் பார்த்தேன்.

"ஸ்கேன் இல்லாம நான் தொட்டிருக்கவே கூடாது. என் தப்பு" என்றார் டாக்டர். என் மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஸ்க்ரூவைச் சிறு கவரில் போட்டுக் கொடுத்தார். வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மரத்திலிருந்து கழற்றினால் மரைக்குள் தூள் ஒட்டியிருக்கும். இதில் எதுவும் இல்லை.

நவம்பர் 8

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தோம். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டாக்டர் மெர்லின் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, அண்ணத்தை வரிசையாக அளந்து காட்டினார். முன்னால் ஒன்பது மில்லி. கொஞ்சம் தள்ளி ஆறு. இன்னும் பின்னால், நடுக்கோட்டில், ஸ்க்ரூ வைத்த இடத்தில் அளவுகோல் நிற்க எலும்பே இல்லை.

"ரெண்டு பக்க எலும்பும் இங்க வந்து சேரவே இல்ல. பிறவியிலேயே. மேல சதை மூடியிருக்கிறதால பாத்தாத் தெரியாது."

செண்பகா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுக்குப் பேரு இருக்கா டாக்டர்?"

இருந்தது. இங்கிலீஷில் நீளமான பேர். அவள் எழுத்துக்கூட்டிக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. செண்பகா பாயசம் தொடவில்லை.

நவம்பர் 20, திங்கள்

மதுரை. இந்தக் குறைக்கென்றே இருக்கிற சர்ஜன். வயதானவர், அவசரப்படாதவர். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என்னை விட்டுவிட்டு அவர் ஜெயக்கொடியிடம் கேட்க ஆரம்பித்தார்.

"குழந்தையில பால் மூக்குல வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். என் தப்புதான். கிடத்திப் பால் குடுத்துட்டேன். தலைப்பிள்ளை, எனக்கு வெவரம் பத்தல."

சர்ஜன் பேனாவை வைத்தார். "யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?"

"எங்க அத்தை. டாக்டரும் அதத்தான் சொன்னாராம். இவுகதான் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிக் காட்டினாக. ஒண்ணும் இல்ல, ஒழுங்காத் தூக்கிப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுன்னு சொன்னதா வந்து சொன்னாக."

"பாத்த டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரேம்மா. எப்படிப் பால் குடுத்தாலும் எலும்பு பிரியாது. அது வயித்துக்குள்ளயே சேராம விட்டது." என் பக்கம் திரும்பினார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்தப் பேச்சு உண்டா?"

"எங்க பக்கம் கிடையாது" என்றாள் ஜெயக்கொடி.

"என் சித்தப்பாவுக்கு உண்டு" என்றேன்.

அவள் வாக்கப்பட்டு வரும் முன்பே செத்துப்போனவர். அவளுக்குத் தெரிய வழியில்லை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"டாக்டர் சொன்னார். எலும்பு சேரலன்னு சொன்னார். நாலு வயசுக்குள்ள மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டு எழுதிக் குடுத்தார்."

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செண்பகாதான் கேட்டாள். "அப்பவே வந்திருந்தா சார்?"

"பேச்சு அநேகமா நேராயிருக்கும்மா. இப்பவும் செய்யலாம். ஓட்டையை மூடலாம், பேச்சுக்குப் பயிற்சி இருக்கு. ஆனா பழகின குரலு. முழுசா மாறும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம், "அப்ப இது என் குரல் இல்லையா?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நவம்பர் 21

கடை திறக்கவில்லை. ஏன் செய்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

குறை என் ரத்தத்தில் வந்தது. அம்மாவுக்கு அது தெரியும், அதனால்தான் அவள் முந்திக்கொண்டு மருமகள் மேல் போட்டாள். பால் கொடுத்த விதம் என்றால் ஒரு பொம்பளையின் கைப்பிழை, அதோடு போயிற்று. எங்கள் குடும்பத்துக் குறை என்றால் என் இரண்டு தங்கைகளையும் யார் கட்டுவார்கள்? சீட்டை ஒரு வாரம் கழித்து ஜெயக்கொடியிடம் காட்டலாம் என்று எடுத்துவைத்தேன். பிறகு தங்கைகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அதற்குள் ஐந்து வருஷம். இப்போது காட்டினால் ஐந்து வருஷம் ஏன் காட்டவில்லை என்று கேட்பாளே என்று விட்டேன்.

இளக்கமான ஸ்க்ரூவை இளக்கம் என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் நாக்கு கூசியதில்லை.

நவம்பர் 24

செண்பகா மாப்பிள்ளையைத் தானே போனில் கூப்பிட்டாள். அறைக்கதவைச் சாத்தவில்லை. இருபது நிமிஷம் பேசினாள்.

"முழுசாச் சொல்லிட்டேன். சளின்னு சொல்லல" என்றாள் வெளியே வந்து, சுவரைப் பார்த்து.

சாயங்காலம் தரகர் வந்தார். இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சாத்தூரில் சொன்னார்களாம். வியாபாரத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

நவம்பர் 26

மதுரையிலிருந்து வந்த பிறகு ஜெயக்கொடி இன்றுதான் வாய் திறந்தாள்.

"அந்தச் சீட்டு இருக்கா?"

கடையில், பித்தளை ஸ்க்ரூ டிராயரின் அடியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. எடுத்துவந்தேன்.

"வாசிங்க."

இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்தேன். 2001 ஆகஸ்ட் 6. பெண் குழந்தை, நாற்பத்தெட்டு நாள். மேலண்ணத்தின் பின்பக்க எலும்பு பிறவியிலேயே சேரவில்லை. நாலு வயதுக்குள் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் பால் கொடுத்த முறையால் வந்ததல்ல என்று தகப்பனிடம் விளக்கப்பட்டது.

"கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன்.

நவம்பர் 27

காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

நவம்பர் 28

வாசித்தேன்.

டிசம்பர் 5

செண்பகாவுக்கு ஆப்பரேஷன் முடிந்தது. மூடிவிட்டார்கள். மூன்று வாரம் கஞ்சிதான், பேச்சைக் குறைக்க வேண்டும். அதை அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தும் சீட்டைக் கேட்டாள் ஜெயக்கொடி. சட்டைப்பையில் இருந்தது. வாசித்தேன்.

டிசம்பர் 15

பிச்சையா ஆசாரி வந்தார். "அந்த இளக்கமான பெட்டிய என்ன செஞ்சீக?"

"கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

"நான் தேக்கு வேலை செய்ற வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். இந்த ஊர்ல கண்ண மூடிக்கிட்டு வாங்கணும்னா தவசி அண்ணாச்சி கடைதான்னு. என்ன, முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. எத்தனை வேணும்?" என்றேன்.

ஜனவரி 8

இன்று ஜெயக்கொடி சீட்டைக் கேட்கவில்லை. நானாகச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன்.

"வழிய விடுங்க" என்றாள். கையில் கொதிக்கிற உலை.

ஜனவரி 31

முகூர்த்தம் குறித்திருந்த நாள்.

செண்பகாவுக்குப் பேச்சுப் பயிற்சி ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும். சொல்கிற சொல்லில் காற்று மூக்குக்குப் போகாமல் வாய் வழியாக வந்தால் காகிதம் ஆடும். பயிற்சிக்காரம்மா சொற்களைப் பட்டியலாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தாயும் மகளும் செய்வார்கள். காகிதத்தைப் பிடிப்பது ஜெயக்கொடி.

நான் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பல்" என்றாள் செண்பகா. ஆடவில்லை. "பல்." இல்லை. "படகு." ஓரம் மட்டும் அசைந்தது. "கப்பல்."

காகிதம் நன்றாக ஆடியது. ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று நின்றுவிட்டேன்.

"அடுத்தது சொல்லு" என்றாள் ஜெயக்கொடி.

செண்பகா பட்டியலில் விரலை வைத்தாள். மேசை மேல் விரித்திருந்ததால் நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. அடுத்த சொல் அப்பா.

விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கீழே நகர்ந்தது.

"தொப்பி" என்றாள்.